ரெக்கோடிங் பார் அண்ணைக்கு: ஏழு வருசம் பிந்திப்போன செத்தவீடு

அண்ணை,

பேரைப் போட்டு எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது எண்டு தெரியும், அதால போடேல்லை. ஆனா 90களின்ர தொடக்கத்தில யாழ்ப்பாணம் கே.கே.எஸ். றோட்டில ஒரு சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில எட்டடி அகலத்தில, கசெற்றில பாட்டு அடிச்சுக் குடுக்கிற ரெக்கோடிங் பார் வைச்சிருந்த, மேசை லாச்சிக்குள்ள எப்பவும் தோடம்பழ இனிப்பு வைச்சிருந்த ஒரு ஆள் இதை வாசிச்சால் தன்னைத்தான் சொல்லுறான் எண்டு பிடிபடும். நான் சின்னச் சவுக்காரப் பெட்டிக்காரன். அதையும் சொன்னால் நீங்கள் மறந்திருக்க மாட்டீங்கள்.

ஏன் இப்ப எழுதுறன் எண்டால், போன செப்ரெம்பர் 27 பின்னேரம் கொக்குவில்ல ஒரு வீட்டு விறாந்தையில ஏழெட்டுப் பெடியள் சேர்ந்து மெற்றாலிக்கா எண்ட அமெரிக்க பாண்டில பேஸ் கிற்றார் வாசிச்ச கிளிஃப் பேர்ட்டனுக்குத் துவசம் மாதிரி ஒண்டு வைச்சவங்கள், என்னையும் கூப்பிட்டவங்கள், அங்க இருந்ததில நான் ஒருத்தன்தான் ஐம்பது தாண்டின ஆள். ஒரு கதிரையில வெள்ளைத் துணி விரிச்சு படத்தை வைச்சிருந்தவங்கள். அந்த வீட்டு அம்மா வந்து பார்த்திட்டு "ஆரடா இது, தலைமயிரும் கோலமும், உன்ர பெரிய மாமா கலியாணத்துக்கு முதல் போட்ட பெல்ஸ் மாதிரி" எண்டு சிரிச்சா. அது உண்மைதான், 86லயே அந்தப் பெல்பொட்டம் பழசு, பாண்டில மற்ற மூண்டு பேரும் ஒட்டின ஜீன்சோட நிக்க அவர் மட்டும் அதைத்தான் போட்டுக்கொண்டு நிண்டவர், ஆரும் நக்கலடிச்சாலும் கழட்டேல்லை. செத்த ஆள் எண்டு சொன்ன உடன அம்மா சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு உள்ள போய் குத்துவிளக்கு ஒண்டு கொண்டந்து கொளுத்தினா, பிறகு குசினிக்குள்ள போய் வடை சுடத் தொடங்கிட்டா. எத்தினை வயசு எண்டு ஒருக்கா வந்து கேட்டவ. 24 எண்டினம். "அட கடவுளே, தாய் தேப்பன்?" எண்டா.

அந்த இடத்தில ஒரு பெடியன் என்னட்டக் கேட்டான், "அங்கிள், அவர் செத்தது உங்களுக்கு எப்ப தெரியும், அப்பவே பேப்பரில வந்ததோ?" எண்டு. நான் 93ல எண்டன். அவனுக்கு விளங்கேல்லை. செத்தது 86ல. அதுக்குத்தான் அண்ணை இந்தக் கடிதம், அந்த ஏழு வருசத்தில ரெண்டு வருசத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டிய ஆள் நீங்கள்.

91ல எனக்கு 16 வயசு. சண்டையால கறண்ட் போய் ஒரு வருசம். பற்றறி தடை, சவுக்காரம் தடை, பெற்றோல் தடை, ஜாம் போத்திலுக்குள்ள திரி போட்டுப் படிச்ச காலம். உங்கட கடையும் பக்கத்துக் கடைக்காரர் கிழமைக்கு ஒருக்கா மண்ணெண்ணெயில ஜெனரேற்றர் போடேக்கதான் உயிர் வாறது, அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள எல்லாற்ர கசெற்றும் அடிச்சு முடிக்கவேணும். வீட்டில நாங்கள் பாட்டுக் கேக்கிறது சைக்கிளைக் கவிட்டு வைச்சு. டைனமோவும் 6 வோல்ற், எங்கட ரேப்புக்கு நாலு பற்றறி, அதுவும் 6 வோல்ற், ஆனா டைனமோவில வாறது ஏசி, அதை நேர கொடுத்தால் ரேப் கர் எண்டு உறுமும். நீங்கள்தான் நாலு டயோட்டும் ஒரு கண்டென்சரும் ஈயம் வைச்சு ஒட்டி சவுக்காரப் பெட்டிக்குள்ள அடைச்சுத் தந்தனீங்கள். காசு கேக்கேல்லை. பெட்டியைத் திருப்பித் தா, சவுக்காரம் வரேக்க வைக்கவேணும் எண்டு மட்டும் சொன்னனீங்கள். சவுக்காரமும் வரேல்லை, பெட்டியும் இன்னும் என்னட்டத்தான்.

அந்தக் கிழமைதான் "இதைக் கொண்டுபோய்க் கேள், வீட்டில பேச்சு வாங்காத" எண்டு ஒரு 90 நிமிச கசெற்றும் தந்தனீங்கள். கப்பலுக்குப் போன உங்கட மச்சான் சிங்கப்பூரில வாங்கின ஒறிஜினல்ல இருந்து அடிச்சது. மேல நீல மையில 'மெற்றாலிக்கா' எண்டு தமிழில எழுதியிருந்தனீங்கள், றன்னாவோ ரன்னாவோ எண்டு குழம்பி ஒருக்கா வெட்டித் திருத்தியும் இருந்தது.

கேட்ட கதையைச் சொல்லுறன். தம்பி பெடல் சுத்த நான் காதை ஸ்பீக்கரோட வைச்சிருப்பன், பிறகு மாறி. அவன் சுத்தினால் ஒரு சுருதி, நான் சுத்தினால் வேற சுருதி. கை களைச்சால் பாட்டும் களைக்கும், பாடகர் ஹெற்ஃபீல்டின்ர குரல் வயசாளின்ர குரலாகிப் போகும், அம்மா குசினிக்குள்ள இருந்து "ஆருக்கடா வருத்தம்" எண்டு கேப்பா. அந்த ரேப்பில இருந்தது நாலங்குல ஸ்பீக்கர் ஒண்டு. பேஸ் கிற்றாரின்ர தடிச்ச கம்பி 41 ஹேர்ட்ஸ், அந்த ஸ்பீக்கர் அந்தப் பக்கத்துக்கே போகாது, அதுவரைக்கும் நான் கேட்ட சினிமாப் பாட்டு ஒண்டிலயும் பேஸ் எண்டு ஒரு சாமான் இருக்கிறதே எனக்குத் தெரியாது. இவற்ர மட்டும் கேட்டது! ஏனெண்டு கன வருசத்துக்குப் பிறகுதான் விளங்கினது. மனுசன் பேஸை சும்மா வாசிக்கேல்லை, டிஸ்ரோர்சன் போட்டுச் சத்தத்தைக் கிழிச்சு, 'வா' எண்டு சத்தத்தை வளைக்கிற பெடலை மிதிச்சு, அடிச்சுரத்துக்கு மேல இருக்கிற சுரங்களை எல்லாம் இழுத்து வெளியில விட்டவர். அடிச்சுரம் எங்கட ஸ்பீக்கரில செத்துப்போகும், ஆனா மேல கிழிஞ்சு வாறது அப்பிடியே வரும். பெரிய அம்ப்ளிஃபையர் வைச்சுக் கேட்டவை அவரில என்ன பிடிச்சது எண்டு சொல்லுவினமோ தெரியாது, எனக்கு டைனமோவில கேட்ட ஒரே பேஸ் அவற்ரதான்.

அவையளின்ர முதல் ரேப்பில இருக்கிற அந்தத் தனி வாசிப்பு கிற்றார் எண்டுதான் நான் அடிச்சுச் சொன்னனான். தொடக்கத்தில ஒருத்தர் "பேஸ் சோலோ, ரேக் வன்" எண்டு சொல்லுறார், அது எங்களுக்கு "பேசாலை" எண்டு கேட்டது, மன்னாரில இருக்கிற பேசாலையைப் பற்றி வெள்ளைக்காரன் ஏன் கதைக்கிறான் எண்டு நானும் தம்பியும் ஒரு கிழமை மண்டையைப் போட்டு உடைச்சனாங்கள். உங்களிட்டக் கேக்க வந்தால் நீங்கள் கதிரையில இருந்து விழாத குறையாச் சிரிச்சனீங்கள். பிறகு சொன்னனீங்கள், 82ல லொஸ் ஏஞ்சல்ஸில ஒரு கிளப்பில வேற பாண்டோட அவர் வாசிக்கேக்க ஹெற்ஃபீல்டும் ட்றம்ஸ் அடிக்கிற லார்ஸும் கூட உன்னைப்போலதான், ஆர் இந்தக் கிற்றார்காரன் எண்டு மேடையைத் தேடினவை, பார்த்தால் பேஸ் எண்டு. தங்கட பாண்டுக்கு வா எண்டு கேக்க, நான் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வரமாட்டன், வேணுமெண்டால் நீங்கள் சான் பிரான்சிஸ்கோப் பக்கம் வாங்கோ எண்டாராம், அவையும் மூட்டை கட்டிக்கொண்டு போச்சினம். எங்கட ஊரில மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போறது, இது ஒரு பாண்டே பேஸ்காரன் வீட்டுக்குப் போயிருக்கு எண்டு நீங்கள் சொன்னது நேற்றுச் சொன்ன மாதிரி இருக்கு.

இப்ப விசயத்துக்கு வாறன். அண்டைக்கு நான் கேட்டனான், "அவர் இப்ப என்ன செய்யிறார் அண்ணை?" எண்டு. நீங்கள் ஸ்பிரிற்றில பஞ்சைத் தொட்டு ரேப் ஹெட்டைத் துடைச்சுக்கொண்டு, நிமிராமல், "அவையள் புது ரேப் ஒண்டு அடிக்கினம்" எண்டனீங்கள்.

நான் கேட்டது அவர். நீங்கள் சொன்னது அவையள்.

பொய் இல்லை. 91ல அவையள் புது ரேப் விட்டதுதான். ஆனா அந்த ஒரு சொல்லில நீங்கள் அவரை ஒளிச்சுப்போட்டீங்கள். நான் ரெண்டு வருசம் அந்த மனுசன் உயிரோட இருக்கிறார் எண்டு நினைச்சு, கறண்ட் வந்தால், பாதை திறந்தால், எங்கயாவது வெளிநாட்டுக்குப் போனால் அவற்ர மேடைக்கு முன்னால நிக்கவேணும் எண்டு தம்பியோட திட்டம் போட்டுக்கொண்டு பெடல் சுத்தினனான்.

93ல வெளியில போற அனுமதிப் பாஸ் எடுத்து கிளாலியால கொழும்புக்குப் போனனான், அந்தப் படகுப் பயணத்தைப் பற்றி இதில எழுதேல்லை, உங்களுக்குத் தெரியாததில்லை. வெள்ளவத்தையில ஒரு கசெற் கடையில மெற்றாலிக்கான்ர 88ல வந்த ரேப்பைக் கண்டு எடுத்துப் பார்க்கிறன், பேஸ் எண்ட இடத்தில ஜேசன் நியூஸ்டெட் எண்டு இருக்கு. அச்சுப்பிழை எண்டுதான் நினைச்சன், மெய்யாத்தான். கடையில நிண்ட பெடியனைக் கேக்க, அவன் மற்ற ஆளுக்கு மிச்சக் காசு எண்ணிக்கொண்டு "அவர் செத்து இப்ப எவ்வளவு காலம்" எண்டான். அவ்வளவுதான்.

அந்த ரேப்பை வாங்கிக்கொண்டு போய் லொட்ஜில என்ர மச்சான்ர வோக்மனில போட்டுக் கேட்டன். மூண்டு வருசத்துக்குப் பிறகு உண்மையான பற்றறியில, சுருதி ஆடாமல் ஒரு பாட்டு. பேஸே இல்லை அண்ணை. ஹெட்ஃபோன் பழுதெண்டு வயரை ஆட்டிப் பார்த்தன், மற்றக் காதில மாத்திப் பார்த்தன். பிறகு பார்த்தால் உலகம் முழுக்க உள்ள ஆக்கள் இதே முறைப்பாட்டைத்தான் இண்டைக்கும் சொல்லுகினம், மிக்சிங்கில நியூஸ்டெட்டின்ர பேஸைக் காதுக்குக் கேக்காத அளவுக்குக் குறைச்சு விட்டிருக்கினம். அந்த மனுசனை அவையள் நடத்தின விதமும் சரியில்லை. செத்தவனில இருந்த துக்கத்தை வந்தவனில காட்டினது எண்டு சொல்லுவினம், இருக்கலாம், ஆனா அதுக்கு அவன் என்ன செய்வான். எங்கட சனத்திலயும் இரண்டாந்தாரமா வந்த பொம்பிளையை இப்பிடித்தான் வைச்சிருக்கிற வீடுகள் இருக்கு, எனக்கு அதுவும் பிடிக்காது இதுவும் பிடிக்காது. ஆனா அண்டு இரவு எனக்கு இதொண்டும் தெரியாது. பேஸ் இருக்கவேண்டிய இடத்தில ஒண்டும் இல்லாமல் ஒரு மணித்தியாலம் ஓடின அந்த ரேப்தான் எனக்கு அவற்ர மரண அறிவித்தல்.

எங்கட ஊரில ஆரும் செத்தால் அழுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்குத்தானே. றேடியோவில மரண அறிவித்தல், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் எண்டு முடியும், பிறகு எட்டுச் செலவு, 31ம் நாள் அந்தியேட்டி, கல்வெட்டுப் புத்தகம் அடிச்சுக் குடுக்கிறது, வருசத்துக்கு வருசம் துவசம். ஏழு வருசத்துக்கு முதல் செத்த, முகத்தைக்கூடப் படத்தில காணாத ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்கு லொட்ஜ் கட்டில்ல இருந்துகொண்டு எந்த ஒழுங்கில அழுறது? மச்சானுக்குச் சொன்னால் சிரிப்பான். ஊரில அந்த மாசம் செத்த ஆக்களுக்கே அழ நேரம் போதாமல் இருந்தது. நான் முகம் கழுவப் போறன் எண்டு போய் பைப்பைத் திறந்து விட்டுட்டு நிண்டனான்.

திரும்பி வந்து முதல் வேலை உங்கட கடைக்கு. "அண்ணை, கிளிஃப் செத்துப்போனாராம், உங்களுக்குத் தெரியுமோ?" நீங்கள் என்ர முகத்தைப் பார்த்தனீங்கள். "ஓமடா. 86ல. மச்சான் எழுதினவன்" எண்டனீங்கள். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறியோ?" நான் கோவத்தில குடிக்காமல் வந்திட்டன். ஒரு மாசம் உங்கட கடைப்பக்கம் வரேல்லை, சைக்கிளை ஸ்ரான்லி றோட்டால விட்டனான். உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்.

பிறகு வந்தனான், நீங்களும் ஒண்டும் நடக்காத மாதிரி லாச்சியைத் திறந்து இனிப்புத் தந்தனீங்கள், அண்டைக்குத்தான் அவர் செத்த விதத்தையும் சொன்னனீங்கள். ஸ்ரொக்ஹோமில மேடையில வாசிச்சுப்போட்டு இரவோடிரவா கோப்பன்ஹேகனுக்கு பஸ்ஸில போகேக்க, ஆர் எந்தப் படுக்கையில படுக்கிறது எண்டு சீட்டு இழுத்தவை, இவருக்கு இஸ்பேட் ஆஸ் வந்தது, கிற்றார்காரன் கிர்க் ஹாமெற்றின்ர படுக்கைதான் வேணுமெண்டு எடுத்தவர். விடியப்புறம் சுவீடனில யுங்பி எண்ட ஊருக்குக் கிட்ட பஸ் பிரண்டு, ஜன்னலால வெளியில எறியப்பட்டவருக்கு மேல விழுந்தது. றோட்டில ஐஸ் இருந்தது எண்டு சாரதி சொன்னவர், ஹெற்ஃபீல்ட் அந்தக் குளிருக்குள்ள உள்ளுடுப்போடயும் சொக்ஸோடயும் றோட்டு நெடுக நடந்து ஐஸைத் தேடினவராம், காணேல்லையாம்.

சனம் அந்தச் சீட்டைத்தான் பெரிசாக் கதைக்கிறது, விதி எண்டு. எனக்கு அந்தச் சீட்டுக் கதையில பெரிய ஈடுபாடு இல்லை. பங்கருக்குள்ள இடப்பக்கம் இருந்தவன் போனான் வலப்பக்கம் இருந்தவன் தப்பினான் எண்டு கேட்டுக் கேட்டு வளந்த எங்களுக்கு உதில என்ன புதினம். என்னால மறக்கேலாதது அந்த சொக்ஸ்தான். ஐஸ் இருந்தாலும் இல்லாட்டிலும் செத்தவன் எழும்பப் போறதில்லை எண்டு தெரிஞ்சும் ஒருத்தன் இருட்டுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு றோட்டைத் தடவிக்கொண்டு போறான்.

இனி கசெற். அந்த 90 நிமிசத்தில நீங்கள் 'மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ்' முழுக்க இடைவெளி விடாமல் அடிச்சுத் தந்தனீங்கள், ரேப் தட்டுப்பாடு, ஒரு அங்குலமும் வீணாக்கேலாது எண்டு. அது 55 நிமிசம் மட்டில, ஒரு பக்கம் 45. அதால ஏழாவது பாட்டு, 'ஒறியன்', பாடகர் இல்லாத பாட்டு, சரியா நடுவில அறும். எங்க அறும் எண்டால், எல்லா வேகமும் அடங்கி, கிளிஃப் தனிய மெதுவாத் தொடங்கிற இடத்தில. நாலு சுரம் வாறதுக்குள்ள டக் எண்டு பட்டன் மேல எழும்பும். பிறகு கசெற்றைப் பிரட்டிப் போட்டு, சைக்கிளை முதல்ல இருந்து சுத்தி வேகம் எடுத்து, சுருதி மேல ஏறி நேரா வாற வரைக்கும் பொறுத்து, மிச்சத்தைக் கேக்கிறது. என்ர மனசில அந்தப் பாட்டெண்டால் அந்த இடைவெளியும் சேர்த்துத்தான். 2003ல சீடியில முழுசாக் கேட்டபோது ஆரோ கதவைத் தட்டாமல் உள்ள வந்த மாதிரி இருந்தது.

அந்தப் பாட்டைத்தான் 86 ஒக்ரோபர் 7ம் திகதி அவற்ர செத்தவீட்டில போட்டவையாம். மேடையில முழுசா வாசிக்க அவையளுக்கே 20 வருசம் எடுத்தது, 2006ல ஜேர்மனியிலதான் முதல் தரம். அப்ப என்ர ஏழு வருசம் பெரிய பிந்தல் இல்லை. அதே வருசம்தான் பஸ் பிரண்ட அந்த றோட்டுக்குப் பக்கத்தில நினைவுக்கல்லும் வைச்சவை, ரசிகர்மார் இண்டைக்கும் போய்ப் பூ வைக்கினம்.

95 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே இடம்பெயர்ந்து ஒரே றோட்டில நடந்த அந்த மழைக்குள்ள, என்ர பையில ரெண்டு சேட்டு, சேட்டிபிக்கேற், அந்த கசெற். உங்களை நாவற்குழிப் பாலத்தடியில கண்டனான் எண்டு தம்பி சொன்னவன், தலையில ஒரு டெக்கைச் சுமந்துகொண்டு போனீங்களாம். அதுக்குப் பிறகு காணேல்லை. 96ல திரும்பி வந்து பார்க்க உங்கட கடைக்குக் கூரை இல்லை, லாச்சி இருந்தது, உள்ள ஒண்டும் இல்லை.

அந்த வீட்டு அம்மா கேட்டாவல்லோ, தாய் தேப்பன் எண்டு. நான்தான் பதில் சொன்னனான். மூத்த பெடியன் 75ல செத்திட்டான், அப்ப கிளிஃபுக்கு 13, தமையனுக்காண்டி நல்ல பேஸ்காரனா வருவன் எண்டு சொல்லிப் பழகத் தொடங்கினவர். பிறகு இவரும் போக, தேப்பன் ரே பேர்ட்டன் 94 வயசு மட்டும் இருந்து 2020லதான் கண்ணை மூடினவர், அதுவரைக்கும் மகன்ர பேரில வாற றோயல்ற்றிக் காசை மகன் படிச்ச கஸ்ரோ வலி பள்ளிக்கூடத்தில சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிலாக் குடுத்தவர், கொன்சேர்ட்டுகளுக்கு வந்து ரசிகர்மாரோட நிண்டு படம் எடுத்தவர். அம்மா அதைக் கேட்டுட்டு "எங்கட ஆக்களைப் போல" எண்டா. பிள்ளை செத்த வீட்டில பள்ளிக்கூடத்துக்கு ஒரு பரிசு நிதி வைக்காத ஊரோ இது.

பிறகு அந்த வீட்டுப் பெடியன் பேஸை அம்ப்ளிஃபையரில கொழுவி, மற்ற ரெண்டு பேர் கிற்றாரோட, 'ஒறியன்' வாசிச்சவங்கள். பிழை விட்டவங்கள்தான், ட்றம்ஸ் ஃபோனில ஓடினது. ஆனா வடைத்தட்டு மேசையில நடுங்கினது அண்ணை, கதிரைக் காலால ஏறி எனக்கு நெஞ்சுக்குள்ள வந்தது. அந்த 41 ஹேர்ட்ஸ். 30 வருசத்துக்கு மேலாக் கேட்ட பாட்டில கீழ இப்பிடி ஒண்டு இருந்தது என்ர உடம்புக்கு அண்டைக்குத்தான் தெரியும். வேகம் அடங்கி அந்த மெதுவான இடம் வந்தது, நான் என்னை அறியாமல் எழும்பிட்டன். பெடியன் வாசிச்சுக்கொண்டே "என்ன அங்கிள்?" எண்டு கண்ணால கேட்டான். கசெற்றைப் பிரட்ட எழும்பினனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது. தண்ணி குடிக்கப் போறன் எண்டன்.

கோவம் இருக்கோ எண்டு கேட்டால், கொஞ்சம் இருக்கு. அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்தது பிழை, அதையும் சொல்லவேணும். ஒண்டு மட்டும் கேக்கிறன், நீங்கள் அதை எனக்காண்டி ஒளிச்சனீங்களோ, இல்லாட்டி உங்களுக்கே சொல்ல வாய் வரேல்லையோ? 86ல உங்களுக்கும் 24, 25தான் இருந்திருக்கும், நான் இதை இப்பதான் கணக்குப் பார்க்கிறன். நீங்கள் ஆருக்குச் சொல்லி அழுதனீங்கள்?

கசெற் இன்னும் இருக்கு. நாடா நல்லா இருக்கு, பூஞ்சணம் இல்லை. நாடாவை ஹெட்டோட அமத்திப் பிடிக்கிற அந்தச் சின்னப் பஞ்சு மட்டும் விழுந்துபோச்சு, எடுத்து நெருப்புப்பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறன். அதைக் கம் போட்டு ஒட்டலாமோ, இல்லாட்டி ரேப்பில படுமோ? நீங்கள் எப்பிடி ஒட்டுறனீங்கள் எண்டு ஒருக்கா எழுதுங்கோ. அதுவரைக்கும் தொடமாட்டன்.

இப்படிக்கு,
சவுக்காரப் பெட்டிக்காரன்